அணைக்கட்டு ஏரியில் ஒரு சிவப்புக் கயிறு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏரி வேறு, நீர்த்தேக்கம் வேறு. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டும் வானத்தைக் காட்டும், இரண்டிலும் காற்று வந்தால் அலை எழும். ஆனால் இயற்கை ஏரியின் அடித்தரை, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேறும் வண்டலும் படிந்து பதமான தரை. நீர்த்தேக்கத்தின் அடியில் கிடப்பதோ நேற்றுவரை மனிதன் நடமாடிய நிலம். அங்கே சாலை இருக்கும், பழைய பாலம் இருக்கும், வேலிக்கம்பி இருக்கும், வீட்டின் அடித்தளம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டாமல் விட்ட காடு அப்படியே நின்றபடி மூழ்கியிருக்கும்.

மீன் அங்கேதான் குடியிருக்கிறது. படகு மோதிக் கவிழ்வதும் அங்கேதான். இந்த இரண்டு செய்திகளையும் பிரித்துப் பேச முடியாது என்பதால்தான், இன்றைய அரங்கில் அமெரிக்காவின் பெரிய நீர்த்தேக்கங்களையும், அங்கே வளர்ந்த பாஸ் மீன் தூண்டில் விளையாட்டையும், அந்த விளையாட்டோடு வளர்ந்த படகுப் பாதுகாப்பையும் ஒரே வரலாறாகச் சொல்ல வந்திருக்கிறேன். பாஸ் என்றதும் நம் நாட்டில் கட்சியின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். இது மீன்.

அமெரிக்கா எங்கே, நாம் எங்கே என்று கேட்கலாம். கென்யீர், தெமெங்கோர் ஏரிகளுக்கு வார இறுதியில் தூண்டிலோடு கிளம்பும் நம் இளைஞர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர்கள் ஏறும் படகும், அதன் இயந்திரமும், அதில் தொங்கும் சிவப்புக் கயிறும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது வீண்போகாது.

தவறாகப் பெயர் பெற்ற மீன்

முதலில் மீனைப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் இந்தக் கறுப்பு பாஸில் இரண்டு வகைகள் பெயர் பெற்றவை: ஒன்று பெருவாய், மற்றொன்று சிறுவாய். கடலில் வாழும் உண்மையான பாஸ் மீனோடு இதற்கு நெருங்கிய உறவு கிடையாது. இது சூரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1802-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லசெபெத் தம் கைக்கு வந்த சிறுவாய் பாஸைப் பார்த்தார். அதன் முதுகுத் துடுப்பு ஏற்கெனவே சேதமடைந்திருந்தது. அவர் அதை அறியாமல், பிறவியிலேயே இந்த மீனுக்குச் சிறிய துடுப்புதான் என்று நினைத்து ‘மைக்ரோப்டெரஸ்’, அதாவது சிறுதுடுப்பு, என்று பெயர் வைத்துவிட்டார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயரே நிற்கிறது.

இந்த மீனின் குணம் பதுங்கிப் பாய்வது. திறந்த நீரில் திரிவதைவிட, ஒரு கட்டையின் நிழலிலோ பாறை ஓரத்திலோ அசையாமல் நின்று, இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன்தான் கூடு அமைத்துக் குஞ்சுகளைக் காவல் காக்கும். தூண்டிலில் மாட்டினால் தண்ணீரைவிட்டு எகிறிக் குதித்துத் தலையை உதறும். மீன்பிடிப் பிரியர்கள் மயங்குவதற்கு அது போதாதா! 1881-இல் மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷல் இந்த ஒரு மீனுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டில் இது ஆற்று மீன், குளத்து மீன். அதை நாட்டின் மாபெரும் விளையாட்டு மீனாக்கியது அணைக்கட்டு.

மூழ்கிய பள்ளத்தாக்குகள்

1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கா துவண்டு கிடந்தது. வேலை கொடுக்கவும், மின்சாரம் தரவும், வெள்ளத்தைத் தடுக்கவும் அரசாங்கம் அணைகளைக் கையில் எடுத்தது. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை 1931-இல் தொடங்கி 1936-க்குள் முடிந்தது. அதன் பின்னால் தேங்கியதுதான் மீட் ஏரி. 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அமைந்தது. அதன் முதல் அணையான நோரிஸ், கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே 1936-இல் எழுந்தது. உலகப் போருக்குப் பிறகு இராணுவப் பொறியியல் பிரிவு தெற்கு மாநிலங்களில் வரிசையாக அணை கட்டியது. டெக்சஸ், லூசியானா எல்லையில் 1960-களில் உருவான டோலிடோ பெண்ட் நீர்த்தேக்கத்தின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர்.

மின்சாரம் வந்தது, வெள்ளம் அடங்கியது, உண்மைதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு மக்கள். நோரிஸ் அணைக்காக மட்டும் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டு வேறிடம் கொண்டுசெல்லப்பட்டன. உயிரோடு இருப்பவரை லாரியில் ஏற்றிவிடலாம். தாத்தா பாட்டி புதைந்த மண்ணை எப்படிப் பெயர்ப்பது? தோட்டத் துண்டாடலில் கோயிலையும் இடுகாட்டையும் விட்டுவிட்டு வந்த நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1979-இல் டெலிகோ அணையின் மதகுகள் மூடப்பட்டபோது, செரோக்கி பழங்குடியினரின் தலைநகராக இருந்த டனாசி ஊர் இருந்த இடம் நீருக்குள் போனது. டென்னசி மாநிலத்துக்கே பெயர் கொடுத்த ஊர் அது.

மீட் ஏரியில் மூழ்கியது செயிண்ட் தாமஸ் என்ற சிற்றூர். தண்ணீர் இவ்வளவு தூரம் வராது என்று நம்பிக் கடைசிவரை இருந்த ஒருவர், 1938-இல் ஏரி வாசற்படியைத் தொட்டபோது படகில் ஏறித்தான் வெளியேறினார்.

நீர் புகுந்த நிலத்தில் முதல் சில ஆண்டுகள் மீன்களுக்குக் கொண்டாட்டம். மூழ்கிய புல்லும் இலையும் மண்ணும் சத்தை அவிழ்த்துவிடும். சிற்றுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் சிறுமீன் பெருகும், அதைத் தின்னும் பாஸ் கொழுத்துப் பெருகும். ஒளிந்துகொள்ளக் காடே இருக்கிறது. ஆற்றில் ஒரு கட்டை கிடைக்குமா என்று தேடிய மீனுக்கு, இலட்சக்கணக்கில் மரங்கள் வாய்த்தன. இதைப் பார்த்த அதிகாரிகள், பின்னாளில் வேண்டுமென்றே மரங்களை விட்டுவைக்கவும் தொடங்கினார்கள். டெக்சஸில் 1980-இல் மூடப்பட்ட ஃபோர்க் ஏரியில் அப்படித்தான் செய்தார்கள். 1992-இல் அந்த ஏரியில் பிடிபட்ட 18.18 பவுண்டு பெருவாய் பாஸ்தான் இன்றுவரை அந்த மாநிலத்தின் சாதனை மீன்.

விட்டுவைத்த அந்த மரங்களுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கும் மரம் ஆபத்தில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. காற்றும் வெயிலும் பட்டு நீர்மட்டத்தில் உளுத்து ஒடிந்துவிழும் மரத்தின் மிச்சம்தான் ஆபத்து. நீருக்குக் கீழே இருக்கும் பாகம் காற்றுப் படாததால் பல பத்தாண்டுகளுக்கு உளுப்பதில்லை, இரும்புபோல் நிற்கும். மேலே அரை அடித் தண்ணீர், கீழே முளைக்குச்சி. போதாததற்கு, நீர்த்தேக்கத்தின் மட்டம் நிலையானதன்று. மின்சாரத் தேவைக்கும் வறட்சிக்கும் ஏற்ப நீரைத் திறந்துவிடுவார்கள். போன மாதம் பத்தடி ஆழமாக இருந்த வழி, இந்த மாதம் இரண்டடி ஆகியிருக்கும். போன மாதத் துணிச்சலோடு இந்த மாதம் போகிறவர்தான் மோதுகிறார். அதனால்தான் டோலிடோ பெண்ட், ஃபோர்க் போன்ற ஏரிகளில் மரம் அகற்றிய பாதைகளுக்கு மிதவைகள் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையைவிட்டு விலகினால் நடைவேகத்தில்தான் போகவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

துடுப்பிலிருந்து 250 குதிரைத்திறன் வரை

ஓலே எவின்ரூட் என்ற நார்வே வம்சாவளி அமெரிக்கர், தம் காதலி ஐஸ்கிரீம் கேட்டதால் வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து வாங்கி வந்தார் என்றும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்தக் கோபத்தில்தான் படகுக்குப் பின்னால் மாட்டும் இயந்திரத்தை உருவாக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் திறன் ஒன்றரைக் குதிரை.

பாஸ் பிடிப்பதற்கென்றே தனிப்படகு 1948-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் கையால் உருவானது. அதன் பெயர் ஸ்கீட்டர். 1950-களின் இறுதியில் கார்ல் லோரன்ஸ் ஒலியலையால் ஆழம் அறியும் சிறு பெட்டியைத் தூண்டில்காரரின் படகுக்குக் கொண்டுவந்தார். போர்க்கப்பலில் இருந்த நுட்பம் மீன்பிடிப் படகில் ஏறியது. மூழ்கிய சாலை எங்கே, பழைய ஆற்றின் தடம் எங்கே என்பது திரையில் தெரிந்தது. இனி என்ன? மீன் இருக்கும் இடம் தெரியும், அங்கே முதலில் போய்ச் சேரவேண்டும். வேகம் தேவைப்பட்டது.

இந்த நேரத்தில்தான் ரே ஸ்காட் வருகிறார். அலபாமா மாநிலத்தின் மொண்ட்கொமரி நகரைச் சேர்ந்த காப்புறுதி முகவர். 1967 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகருக்கு வந்தவரை மழை தங்குவிடுதி அறையில் முடக்கிப்போட்டது. அந்த அறையில்தான், கோல்ஃப் விளையாட்டுக்கு இருப்பதுபோல் பாஸ் பிடிப்பதற்கும் தேசிய அளவில் ஏன் போட்டி இருக்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதே ஆண்டு ஜூனில், ஆர்கன்சா மாநிலத்தின் ஒயிட் ஆற்றில் அப்போதுதான் அணை முடிந்திருந்த பீவர் ஏரியில் முதல் போட்டியை நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் கட்டணம். 106 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ் தூண்டில்காரர் சங்கத்தைத் தொடங்கினார்.

அதற்குமுன் நடந்த உள்ளூர்ப் போட்டிகளுக்கு நல்ல பெயரில்லை. முதல் நாளே பிடித்து ஒளித்துவைத்த மீனை எடைபோடக் கொண்டுவருவதும், மீன் வயிற்றில் ஈயத்தைத் திணிப்பதும் அங்கே நடந்த கூத்துகள். ஸ்காட் ஒவ்வொரு படகிலும் முன்பின் தெரியாத இருவரை ஏற்றினார். ஒருவருக்கு மற்றவர் சாட்சி. 1971-இல் முதல் வாகைப் போட்டிக்கு 24 பேரை விமானத்தில் ஏற்றிய பிறகுதான், போட்டி நடப்பது மீட் ஏரியில் என்று அறிவித்தார். முன்கூட்டியே போய் ஒத்திகை பார்க்க முடியாதல்லவா? 10,000 டாலர் பரிசை வென்றவர் பாபி மரே. 1972-இல் பிடித்த மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் இயக்கத்தைத் தொடங்கினார். படகுகளில் காற்று செலுத்தும் நீர்த்தொட்டிகள் வந்தன. செத்த மீன் கொண்டுவந்தால் எடையில் கழிவு. நீரைக் கெடுத்த ஏராளமான தொழிற்சாலைகள் மீது வழக்கும் போட்டார்.

வேகத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பதை மறைக்கக்கூடாது. நூறு படகுகள் விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறிக் கிளம்பும் காட்சியை உருவாக்கியது அவருடைய போட்டி. அவருடைய போட்டிகளில் நெடுங்காலம் 150 குதிரைத்திறன் உச்ச வரம்பாக இருந்தது. இன்று 250. மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 27 மீட்டர். நீருக்கடியில் நிற்கும் மரத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கை திருப்புவதற்குள் படகு அதைத் தாண்டியிருக்கும், அல்லது அதன்மேல் ஏறியிருக்கும்.

ஆனால் காப்புறுதி விற்றவருக்கு ஆபத்தின் கணக்குத் தெரியாமல் இருக்குமா? பெரிய இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவேண்டும், ஓட்டுநரின் உடலோடு நிறுத்துவிசைக் கயிறு கட்டப்பட்டிருக்கவேண்டும் என்பது போட்டி விதி. மீறினால் தகுதி போகும். சட்டம் கேட்காத காலத்திலேயே விளையாட்டு கேட்டது. அன்றைய தென்மாநில ஆண்களுக்கு அங்கி அணிவது கோழைத்தனமாகப் பட்டது. தங்கள் மனங்கவர்ந்த வெற்றியாளர்கள் அங்கியும் கயிறுமாகப் படங்களிலும் தொலைக்காட்சியிலும் தோன்றியதால்தான் அந்தக் கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது என்பது என் எண்ணம். 2022-இல் தமது 88-ஆவது வயதில் ஸ்காட் மறைந்தார். அவர் விட்டுச்சென்றவற்றில் மீனை உயிரோடு விடும் வழக்கத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் இந்தக் கயிற்றுக்கு அதைவிட உயர்ந்த இடம் கொடுப்பேன்.

கயிறு என்ன செய்கிறது?

சுருள் சுருளாக, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் கயிறு. ஒரு முனை ஓட்டுநரின் அங்கியில். மறுமுனை இயந்திர விசையில் செருகிய சிறு கொக்கியில். ஓட்டுநர் இருக்கையைவிட்டுத் தூக்கி எறியப்பட்டால் கொக்கி பிடுங்கிக்கொள்ளும், இயந்திரம் அந்தக் கணமே நின்றுவிடும். அவ்வளவுதான்.

கயிறு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஆளில்லாத படகு நேராகப் போய் எங்கோ கரையில் முட்டும் என்றுதான் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. சுழலும் விசிறி இயந்திரத்தை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுக்கானைப் பிடித்திருக்கும் கைதான் அதை நேராக்குகிறது. கை விலகிய மறுகணம் இயந்திரம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடிக்கத் தொடங்கும். வட்டத்தின் பாதையில் நீந்திக்கொண்டிருப்பவர், சற்றுமுன் அதிலிருந்து விழுந்த அதே ஓட்டுநர். படகு திரும்பத் திரும்ப அவரிடமே வருகிறது, விசிறி சுழன்றபடி. அமெரிக்கப் படகோட்டிகள் அதை மரண வட்டம் என்று அழைக்கிறார்கள். நல்ல நீச்சல்காரர் என்பது அங்கே உதவாது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1971-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கூட்டரசுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. படகு தயாரிப்பவர்களுக்கே விதிகள் வகுக்கும் அதிகாரம் அப்போதுதான் கடலோரக் காவல்படைக்குக் கிடைத்தது. அதன் பலனாக 1970-களின் பிற்பகுதியில், 20 அடிக்குக் குறைவான சிறு மோட்டார் படகுகள் நீர் நிரம்பினாலும் கவிழாமல் சமமாக மிதக்கவேண்டும் என்ற விதி வந்தது. தரைப்பலகைக்கு அடியில் நுரைப் பஞ்சை அடைத்துவிடுவார்கள். படகு முழுக நனைந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் மிதந்துகொண்டிருக்கும். (இந்த நுரையின் மகிமையைக் காட்ட, 1961-இலேயே டிக் ஃபிஷர் என்ற படகுத் தயாரிப்பாளர், தாம் உட்கார்ந்திருக்கும் படகை இரண்டாக அறுக்கச்செய்து, பாதிப் படகிலேயே மிதந்து காட்டினார். ‘லைஃப்’ இதழ் அதைப் படத்தோடு போட்டது. விளம்பரம்தான், ஆனாலும் பொய்யில்லை.)

1973-இல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 1,754 பேர் இறந்தார்கள். 2023-இல் 564 பேர். இடைப்பட்ட காலத்தில் பதிவு செய்யப்பட்ட படகுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. ஆனால் அந்த 564-க்குள் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் அங்கி அணியாதவர்கள். ஆண்டுதோறும் இந்த விழுக்காடு கொஞ்சம் ஏறும், இறங்கும். பத்தில் எட்டுக்குக் கீழே வருவது அரிது.

கயிற்றைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கூட்டரசு விதி 2021 ஏப்ரல் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. 26 அடிக்குக் குறைவான, இந்த விசை பொருத்தப்பட்ட படகுகள் வேகமெடுக்கும்போது ஓட்டுநர் அதைத் தம்மோடு இணைத்திருக்கவேண்டும். தூண்டில்காரர்களின் போட்டியில் அப்போது அது பல பத்தாண்டுப் பழக்கம்.

தலைக்கு மேல் இருந்த அங்கிகள்

பீவர் ஏரிக்குக் கீழே, அதே ஒயிட் ஆற்றில் அடுத்ததாக இருப்பது டேபிள் ராக் ஏரி. 1958-இல் முடிந்த அணை, மிசௌரி மாநிலம். பாஸ் பிடிப்பதற்குப் புகழ்பெற்ற நீர். அங்கே 2018 ஜூலை 19-ஆம் நாள் நடந்தது மீன்பிடி விபத்து அன்று. ஆனாலும் நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப்போக முடியாது.

இரண்டாம் உலகப் போர்க்கால நிலநீர் வாகனத்தை மாற்றியமைத்த சுற்றுலாப் படகு. 31 பேர் இருந்தார்கள். கடும் இடிமழை எச்சரிக்கை வெளியாகி 20 நிமிடங்களுக்கும் மேல் கழித்துத்தான் அது நீரில் இறங்கியது. இறங்கியபோது ஏரி அமைதியாக இருந்தது. சில நிமிடங்களில் மணிக்கு 70 மைலைத் தாண்டிய காற்று வந்தது. இப்படிப்பட்ட ஏரி, மலைகளுக்கு நடுவே நீண்டு வளைந்த பள்ளத்தாக்கு. காற்று அதில் குழாய்க்குள் புகுவதுபோல் புகுந்து வேகமெடுக்கும். செங்குத்தான கரையில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த அலையோடு கைகோக்கும். கடலில் வருவதுபோல் ஒரே திசையில் ஒழுங்காக வராது. படகு மூழ்கியது. 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் ஒரே குடும்பத்தவர்.

உயிர்காப்பு அங்கிகள் படகில் இருந்தன. பயணிகளின் தலைக்கு மேலே வைக்கப்பட்டிருந்தன. யாரும் அணியவில்லை. மேலே நிலையான கூரை, பக்கங்களில் திரை. மூழ்கும்போது அவை கூண்டாகிவிட்டன.

இன்னும் வேதனை, இது முதல் முறை அன்று. 1999 மே மாதம் முதல் நாள், ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில், அதுவும் ஓர் அணைக்கட்டு ஏரிதான், இதே வகைப் படகு மூழ்கி 13 பேர் இறந்திருந்தார்கள். அப்போதே விசாரணை வாரியம் கூரைகளை அகற்றச் சொன்னது. அது பரிந்துரையாகவே கிடந்தது. டேபிள் ராக் விபத்துக்கும் நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில்தான் அதைச் சட்டமாக்கினார்கள். முதல் பதின்மூன்று பேருக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் 23 ஆண்டுகள்.

தூண்டில்காரர்கள் வானத்தைப் பார்ப்பதில் கொஞ்சம் தேர்ந்தவர்கள். இடி கேட்டதும் கரைக்குத் திரும்புவது அவர்கள் வழக்கம். காரணமும் உண்டு. இன்றைய தூண்டில் கழிகள் கரிமநாரால் ஆனவை, அவை மின்சாரத்தைக் கடத்தும். இடிமழையில் ஏரி நடுவே கழியை நிமிர்த்திப் பிடித்திருப்பவர் ஒரு இடிதாங்கிதான். குளிர்ந்த நீரும் ஒரு பகை. அமெரிக்காவில் பெரிய மீன் கிடைக்கும் காலம் குளிர்கால இறுதி, இளவேனிற் தொடக்கம். அப்போது காற்று இதமாகவும் தண்ணீர் கடுங்குளிராகவும் இருக்கும். விழுந்தவர் முதல் நிமிடத்தில் தம்மை அறியாமல் மூச்சை இழுப்பார். தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. பத்து நிமிடங்களில் கைகால் விரைத்துவிடும். அங்கி அந்த முதல் நிமிடத்துக்காகத்தான்.

மீட் ஏரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நீண்ட வறட்சியாலும் மிகுந்த பயன்பாட்டாலும் வற்றிக்கொண்டே போய், 2022 ஜூலையில், நிரம்பத் தொடங்கிய 1930-களுக்குப் பிறகு கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. படகு இறக்கும் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எப்போதோ மூழ்கிய படகுகள் சேற்றில் தலைநீட்டின. ஒரு பீப்பாய்க்குள் பல பத்தாண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட மனிதரின் எலும்புக்கூடும் வெளிப்பட்டது. கடைசி மனிதர் படகேறி வெளியேறிய அந்தச் செயிண்ட் தாமஸ் ஊருக்கு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மக்கள் நடந்து போய்ப் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்து ஏரிகள்

பேராக் ஆற்றில் 1930-இலேயே செண்டெரோ அணை வந்துவிட்டது. 1970-களின் பிற்பகுதியில் அதே ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் அணை எழுந்தது. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங்கைத் தாண்டுகிறவர்கள் பார்ப்பது அதன் நீரைத்தான். திரெங்கானுவில் கென்யீர் 1985-இல் நிறைந்தது. அங்கே தீவுகள் என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் 340-ம் மூழ்கிய குன்றுகளின் தலைகள். வெளுத்துப்போன மரங்கள் நீரில் நிற்பதைப் பார்த்தவர்கள், டோலிடோ பெண்டைப் பற்றி நான் சொன்னதை அப்படியே இங்கே பொருத்திக்கொள்ளலாம். தோமான், செபாராவ், கெலா எல்லாம் தேடி ஒதுங்குவதும் இப்படிப்பட்ட மரங்களையும் கரையோரத்தையும்தான்.

நம் தூண்டில்காரர்கள் ‘ராஜா’ என்று அழைக்கும் மயில் பாஸ், பெயரளவில்தான் பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது, திலாப்பியாவின் குடும்பம். மலேசியாவின் ஈயக் குட்டைகளிலும் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலும் பரவி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது என்ற கவலை நியாயமானது. அமெரிக்க பாஸைப் பிடிக்கச் செய்த தூண்டில் இரைகளையே இதற்கும் நம்மவர்கள் வீசுகிறார்கள்.

இரையைப் போலவே இயந்திரமும் அங்கிருந்து தொடங்கிய மரபுதான். நம் ஏரிகளில் ஓடும் படகு இயந்திரங்களில் பெரும்பாலும் அந்தச் சுருள் கயிறு இருக்கிறது. பல படகுகளில் அதை இயந்திரத்தின் கைப்பிடியிலேயே சுற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அங்கிகள் முன்பக்கப் பெட்டியில், மழைத்துணிக்கு அடியில். அடுத்த முறை படகுத்துறையில் ஏறும்போது, புறப்படுவதற்கு முன்பே, “அபாங், அங்கியை இப்போதே கொடுத்துவிடுங்கள். அந்தக் கயிற்றை உங்கள் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்” என்று மலாயில் சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று துறையிலேயே பார்த்துவிடுங்கள். பெரியவர்களின் அங்கி பிள்ளையின் தலைவழியே கழன்று மேலே போய்விடும்.